குஷன்காரர் வீட்டு ஓட்டம்

டிப்போவில் அவருக்குக் குஷன்காரர் என்று பெயர். எந்த வண்டியைக் கொடுத்தாலும், வீட்டிலிருந்து கொண்டுவந்த பஞ்சுத் திண்டை ஓட்டுநர் இருக்கையில் போட்டு, நாலு தட்டுத் தட்டி, அதன்மேல் உட்கார்ந்தால்தான் அவருக்குச் சாவியைத் திருப்பக் கை வரும். வண்டி ஓட்டுவதில் அவரை யாரும் குறை சொன்னதில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் பெண் உட்கார இடம் பார்க்கும்வரை கியரைத் தொடமாட்டார். குண்டும் குழியுமான பாதையில்கூட, பின் இருக்கையில் தூங்குகிறவன் தூங்கிக்கொண்டே வருவான். குறையெல்லாம் அவர் வண்டியை விட்டு இறங்கிய பிறகுதான்.

இறங்கினால் உட்கார இடம் தேடுவார். டிப்போவில் டயர் மேல் உட்காருவார். டீக்கடையில் பெஞ்சில் உட்காருவார். வீடு இரண்டாவது மாடியில். படிக்கட்டு திரும்புகிற இடத்தில் நின்று, சுவரில் ஏதோ வெடிப்பு விட்டிருப்பதைப் போல உற்றுப் பார்ப்பார். மூச்சு வாங்குகிறது என்பதை வாய்விட்டுச் சொன்னதில்லை. "இந்த வீட்டுக்காரன் பூச்சு வேலைய ஒழுங்காவே பண்ணல" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்து நாற்காலியில் விழுவார். விழுந்த பிறகு தண்ணீர்ச் செம்புகூட அவரிடம்தான் வரவேண்டும்.

அவர் மனைவிக்கு மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை. நாள் முழுக்க நிற்கிற வேலை. பெரிய டிரம்களில் வெந்து சுழன்று வரும் விரிப்புகளை உதற வேண்டும், உருளைக்குள் விட்டு இஸ்திரி போட வேண்டும், பிறகு இரண்டு பேர் எதிரெதிரே நின்று மடிக்க வேண்டும். அவளுக்கு எதிரே நிற்பவளை நீளக்கை என்று கூப்பிடுவார்கள். நீளக்கை விரிப்பின் இரண்டு முனைகளையும் பிடித்தால் நடுவில் தொய்வே இருக்காது. இருவரும் விரிப்போடு நெருங்கி வருவார்கள், முனை சேர்ப்பார்கள், விலகுவார்கள். ஆவியில் முகம் எப்போதும் கழுவிவிட்ட மாதிரி இருக்கும். கால்கள் மட்டும் சாயங்காலம் ஆனால் மரக்கட்டை.

இப்படி ஒருவர் உட்கார்ந்தும் ஒருத்தி நின்றும் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தபோதுதான் அந்த வருஷத்து மருத்துவச் சோதனை வந்தது. ஓட்டுநர்களுக்கெல்லாம் வருஷத்துக்கு ஒருமுறை கண், காது, இரத்தம், இதயம் எல்லாம் பார்ப்பார்கள். டாக்டர் அவரை மாடிப்படியில் ஏறி இறங்கச் சொன்னார். ஏறினார். இறங்கி வந்தபோது உதடு வெளுத்திருந்தது. இரத்தத்தில் சர்க்கரையும் கூடியிருந்தது, அழுத்தமும் கூடியிருந்தது.

"மாத்திரை நான் எழுதித் தரேன்" என்றார் டாக்டர். "நடக்கிறத நான் எழுதித் தர முடியாது, நீங்கதான் நடக்கணும். மூணு மாசம் பாக்கறேன். அப்புறமும் இப்படியே வந்தீங்கன்னா ஸ்டியரிங்ல உக்கார விடமாட்டேன். உங்க பின்னால ஒரு பஸ் சனம் உக்காந்திருக்கு."

இதை அவர் வீட்டில் சொன்ன விதமே வேறு. "டாக்டர் சின்னப் பையன். பயமுறுத்தறான்" என்றார்.

மகள் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். அப்பா தின்கிற மாத்திரையின் பெயரும் வீரியமும் அவளுக்குத் தெரியும். அன்று சாயங்காலமே அவருடைய போனில் நடையை எண்ணுகிற ஒரு ஆப்பைப் போட்டுக் கொடுத்தாள். "நீங்க ஒண்ணும் பண்ண வேணாம்பா. சட்டைப் பையில வச்சிட்டு நடங்க. அதுவே எண்ணிக்கும். நான் என் போன்ல பாத்துக்கறேன்."

"வேவு பாக்கறியா?"

"அக்கறைப்பா."

"எல்லா வேவுக்கும் அதான் பேரு" என்றார்.

மறுநாள் விடிகாலையில் மனைவி எழுப்பினாள். அதிலிருந்து தினமும் ஒரு காரணம். முதல் நாள், பனி நெஞ்சுக்கு ஆகாது. அடுத்த நாள், ஷூ விரலைக் கடிக்கிறது. ஷூவை மாற்றிக் கொடுத்தால், தெருமுனையில் நாய்.

"நாய் உங்கள என்ன பண்ணுது?"

"முறைக்குது."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். எந்திரிங்க முதல்ல."

"எந்திரிச்சாச்சு. உக்காந்துதானே இருக்கேன்?"

"உக்காந்திருக்கறது எந்திரிச்சதா?"

"படுத்திருந்தவனுக்கு அது எந்திரிச்சதுதான்."

அவளுக்கு அப்போதெல்லாம் தலையைக் கொண்டுபோய்ச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருக்கும். பல் துலக்காமல், தலை வாராமல், அடுப்பில் கஞ்சி பொங்க, ஒரு மனிதனை வாசல்வரை தள்ளிக் கதவைச் சாத்துவதற்குள் அவளுக்கு ஒருநாள் வேலை முடிந்த களைப்பு வந்துவிடும். ஆனால் ஒரு வாரத்துக்குப் பிறகு அவர் தள்ளாமலே போகத் தொடங்கினார். தானாக எழுந்து, ஷூ மாட்டிக்கொண்டு, "வர்றேன்" என்று இறங்கிப் போனார். மகளின் போனில் எண்கள் மளமளவென்று ஏறின.

"அம்மா, அப்பா கலக்கறாரு!" என்றாள் மகள். "எங்க கடையில டெலிவரிக்குப் போற பையன்கூட இவ்வளவு நடக்கறதில்ல."

மனைவியும் சந்தோஷப்பட்டாள். இரவு உணவில் எண்ணெயைக் குறைத்தாள், அவித்த காய்களைக் கூட்டினாள். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டே சாப்பிட்டார். ஒன்றுதான் புரியவில்லை. படிக்கட்டுத் திருப்பத்தில் சுவர் வெடிப்பைப் பார்ப்பது மட்டும் குறையவே இல்லை.

வெயில் கொளுத்திய ஒரு மதியம், சலவைப் பிரிவில் கொதிகலன் பழுதாகி எல்லோரையும் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் மகளுக்கு விடுமுறை. நாற்காலியில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தவள், "இப்பப் பாரேன், அப்பா எப்படிப் போறாருன்னு" என்று காட்டினாள். எண் கண்ணெதிரே ஏறிக்கொண்டிருந்தது.

அம்மா பார்த்தாள். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"இந்நேரம் உங்கப்பா வண்டியில இல்ல இருப்பாரு?"

மகள் மெதுவாகச் சொன்னாள்: "வண்டி ஆடறத அது நடைன்னு எண்ணிக்குதும்மா."

"சட்டைப் பையில இருந்தாலுமா?"

"சட்டைப் பையில இருந்தா இவ்வளவு ஏறாது. கியர் பக்கத்துல வச்சிருக்கணும். அங்கதான் நல்லா உதறும்."

அம்மா செருப்பை மாட்டினாள். மகள் பின்னாலேயே வந்து, "அம்மா, சாயங்காலம் வரட்டும், கேக்கலாம்" என்றதைக் காதில் வாங்காமல், மகளின் போனைப் பிடுங்கிக்கொண்டு இறங்கினாள்.

தெருமுனையில் ரொட்டிக் கடை. கடைக்காரர் அவளைப் பார்த்ததும் சிரித்தார். "அண்ணன் சொன்னாரு, நீங்கதான் காலையில எழுப்பி விடறீங்களாமே! தெனமும் முதல் போணி அவருதான். சூடா ரெண்டு பன்னு, வெண்ணெய் வச்சு. பெஞ்சுல உக்காந்து பேப்பர் முழுக்கப் படிச்சிட்டுத்தான் எந்திரிப்பாரு. கைராசிக்காரருங்க."

"கைராசிதான்" என்றாள் அவள். அதைச் சொல்ல அவள் பல்லைக் கடித்த கடிக்குத் தாடை வலித்தது.

பஸ்கள் திரும்புகிற இடம் ஒரு மேட்டின் உச்சியில் இருந்தது. வண்டிகளை மேலே வரிசையாக நிறுத்துவார்கள். அங்கிருந்து சாலை நேராகக் கீழே சரியும். சரிவு முடிகிற இடத்தில் தகரக் கூரை போட்ட நிறுத்தம். அங்கே அடுத்த பஸ்ஸுக்காகப் பையும் பிள்ளையுமாக எப்போதும் ஒரு கூட்டம் வெயிலுக்கு ஒதுங்கி நிற்கும். அவள் மேட்டில் ஏறி நின்றபோது அவருடைய வண்டி அப்போதுதான் வந்து நின்றது. கண்டக்டரம்மா டிக்கெட் பையோடு இறங்கி டீக்கடைப் பக்கம் போனாள். குரல் பெரிய, ஆள் ஒல்லியான பெண். அவள் கத்தினால் பின்னால் வரும் பஸ்ஸே நின்றுவிடும் என்பார்கள்.

அவர் ஓட்டுநர் ஜன்னல் வழியாக மனைவியைப் பார்த்தார். அவள் கையில் மகளின் போனைப் பார்த்தார். பார்த்ததும் என்ன தோன்றியதோ, கியர் பக்கத்தில் இருந்த தன் போனை எடுத்து அவசரமாகப் பையில் திணித்துக்கொண்டு, கை பிரேக்கை ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத் தொப்பென்று இறங்கினார்.

"என்ன இந்தப் பக்கம்? வேலை இல்லியா?"

"உங்க காலுக்கு எவ்வளவு வேலைன்னு பாக்க வந்தேன். என்னா ஓட்டம், என்னா நடை! உக்காந்த எடத்துலயே ஊரைச் சுத்தி வந்திருக்கீங்களே!"

"அது... வண்டி உதறினா அதுவா எண்ணிக்குது. நான் என்ன பண்ண?"

"அதுவா போய் கியர் பக்கத்துல உக்காந்துக்கிச்சா? பன்னும் வெண்ணெயும் அதுவா வந்து வாயில விழுந்துச்சா?"

அவர் முகம் சுருங்கியது. பக்கத்தில் நின்ற வேறு ஓட்டுநர்கள் இரண்டு பேர் டீக் கிளாஸோடு மெல்லத் திரும்பிக்கொண்டார்கள். "மெதுவாப் பேசு" என்றார்.

"மெதுவாப் பேசித்தான் நான் இத்தனை நாள்..."

அவள் முடிக்கவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் பஸ் நகர்ந்துகொண்டிருந்தது.

சத்தமே இல்லை. இன்ஜின் ஓடவில்லை. யாரோ தள்ளுவதைப் போல அத்தனை பெரிய வண்டி மெதுவாகச் சரிவுப் பக்கம் மூக்கை நீட்டியது. "வண்டி!" என்று அவள் கத்தினாள். அவர் திரும்பினார். ஓடினார். ஓடினார் என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவருடைய கைகள் ஓடுகிறவனின் கைகளாக வீசின. கால்கள் கொஞ்ச தூரம் போயின. பஸ்ஸின் பின்பக்கத்தில் விரல் நுனி பட்டது. பிறகு அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நடுச்சாலையில் உட்கார்ந்துவிட்டார்.

கண்டக்டரம்மா டீ கிளாஸை எறிந்துவிட்டுப் பாய்ந்தாள். பஸ் வேகம் பிடிக்கத் தொடங்கியிருந்தது.

அவருடைய மனைவி பஸ்ஸைப் பிடிக்க ஓடவில்லை. பிடித்தால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியாது. அவள் பார்த்தது கீழே தகரக் கூரைக்கடியில் நின்ற கூட்டத்தைத்தான். ஒருவரும் மேலே பார்க்கவில்லை. செருப்பை உதறிவிட்டுச் சரிவில் இறங்கி ஓடினாள். தார் கொதித்தது. சேலையை ஒரு கையில் அள்ளிப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸுக்குப் பக்கத்தில் ஓடி, பஸ்ஸைத் தாண்டி, "விலகுங்க! விலகுங்க! பிரேக் இல்ல!" என்று கத்திக்கொண்டே ஓடினாள். இப்படி ஓடி எத்தனை காலமாயிற்று என்று யோசிக்கிற நேரமில்லை. கூட்டம் முதலில் அவளைப் பைத்தியத்தைப் பார்ப்பதைப் போலப் பார்த்தது. பிறகு அவளுக்குப் பின்னால் வந்ததைப் பார்த்தது. பைகளைப் போட்டுவிட்டுச் சிதறியது. ஒரு கிழவர் மட்டும் நகராமல் நின்றார். அவரைத் தோளோடு இடித்துத் தள்ளி அவளும் விழுந்தாள்.

கண்டக்டரம்மா முன் படியில் தொற்றி ஏறி, ஓட்டுநர் இருக்கைக்குத் தாவி, பிரேக்கை மிதித்துக் கை பிரேக்கையும் முழுசாக இழுத்துவிட்டாள். தகரக் கூரையை எட்டுவதற்குச் சற்று முன்னால், முன்சக்கரம் சாலையோரக் கல்லில் ஏற, பஸ் ஒரு குலுங்குக் குலுங்கி நின்றது. உள்ளே கடைசி இருக்கையில் இறங்க மறந்து தூங்கிப்போயிருந்த ஓர் ஆள் எழுந்து, "கடைசி ஸ்டாப் வந்துடுச்சா?" என்று கேட்டான்.

அப்போது யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அன்று சாயங்காலம் கண்டக்டரம்மா அவர்கள் வீட்டுக்கு வந்தாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மருத்துவமனையில் பார்த்து, உயிருக்கு ஒன்றுமில்லை, இதயத்துக்கு இப்படி வேலை கொடுத்துப் பழக்கமில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மனைவி உள்ளங்கால் கொப்புளங்களுக்கு மருந்து போட்டபடி கட்டிலில் இருந்தாள்.

"அண்ணே, நாளைக்கு விசாரணை" என்றாள் கண்டக்டரம்மா. "பிரேக் பிடிக்கலன்னு சொல்லிடலாம். பழைய வண்டி, யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. நானும் அப்படியே சொல்றேன்."

அவர் தலையை ஆட்டினார். ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை.

"மெக்கானிக்கு?" என்றாள் மனைவி.

"அவருக்குக் கொஞ்சம் பிரச்சினை வரும்தான்..."

"நேத்துதான் அந்த வண்டியப் பாத்து அனுப்பினாரு, இல்ல?"

கண்டக்டரம்மா போன பிறகு அவர் சொன்னார்: "நீ அங்க வந்து நின்னதாலதான் இவ்வளவும். நிம்மதியா வண்டிய நிறுத்தியிருப்பேன். உன்னப் பாத்த பதட்டத்துல..."

அவளுக்குக் கத்தத் தோன்றவில்லை. இத்தனை வருஷம் அவரிடம் கத்திய கத்தலெல்லாம் செவிடன் காதில் ஊதின சங்காகத்தான் போயிருந்தது. "நடக்காதத நடந்தேன்னீங்க" என்றாள். "இழுக்காத பிரேக்கையும் இழுத்தேன்னு சொல்லப் போறீங்களா?"

விளக்கை அணைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் அவர் டிப்போவில், "பிரேக்ல ஒரு கோளாறும் இல்ல. நான்தான் முழுசா இழுக்கல" என்று சொல்லிவிட்டு வந்தார். அதை அவர் அவளிடம் சொல்லவில்லை. ரொட்டிக் கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. அடுத்த மருத்துவச் சோதனைவரை ஓட்டக் கூடாது என்று நிறுத்தி, டிப்போ வாசல் கதவில் போட்டுவிட்டார்கள். பஸ் வந்தால் கதவைத் திறக்க வேண்டும். போனால் சாத்த வேண்டும். அங்கே நாற்காலி கிடையாது.

முதல் நாள் வேலை முடிந்து வந்து, வீங்கின காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு, "நிக்கறது இவ்வளவு வலிக்குமா?" என்றார்.

அவள் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். திரும்பாவிட்டால் கையில் இருந்த கரண்டி பறந்திருக்கும். "இருபது வருஷமா நின்னுட்டு வந்து உங்களுக்குச் செம்புல தண்ணி எடுத்துக் கொடுத்தேனே, அப்ப நான் என்ன பல்லக்குலயா வந்தேன்?"

அவர் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்துபோய்த் தானே தண்ணீர் எடுத்துக் குடித்தார். செம்பை வைத்த இடம் தப்பு. அதற்கும் அவளுக்கு எரிச்சல் வந்தது.

சலவைப் பிரிவில் அவள் கெண்டைச்சதை இறுகி, குனிய முடியாமல் இரண்டு நாள் தவித்தாள். நீளக்கைதான் அவள் பக்கத்து வேலையையும் சேர்த்துச் செய்தாள்.

"எப்படி ஓடின நீ? நம்ம வயசுல ஓடற ஓட்டமா அது?"

"பயத்துல ஓடினேன். ஆனா..." விரிப்பின் முனையைப் பிடித்தபடி அவள் நின்றாள். "சொன்னா சிரிப்ப. விழுந்து கெடந்தப்போ நெஞ்சு அடிச்ச அடியில செத்தேன்னு நெனச்சேன். அது அடங்கினப்புறம் உள்ள ஒரு மாதிரி இருந்துச்சு."

"எப்படி?"

"துவைச்சு, உதறி, வெயில்ல போட்ட துணி மாதிரி."

நீளக்கை சிரித்தாள். "நாள் முழுக்க நாம பண்றது பத்தாதா? இதே ஒரு பெரிய எக்சர்சைஸ்தானே?"

"அப்படித்தான் நானும் நெனச்சேன். இது காலைத் தேய்க்குது. அது வேற."

மருத்துவமனைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி ஒரு மைதானம். சாயங்காலங்களில் நோயாளிகளின் சொந்தக்காரர்கள் அங்கே உட்கார்ந்து ரொட்டி தின்பார்கள். கால் ஆறியதும் ஒருநாள், வேலை முடிந்து, மகளின் பழைய கேன்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு, யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்த பிறகு அவள் அங்கே ஓடிப் பார்த்தாள். தொட்டியைப் பாதி சுற்றுவதற்குள் விலா குத்தியது. நடந்தாள். குத்தல் போனதும் மறுபடி ஓடினாள். ரொட்டி தின்றுகொண்டிருந்த ஒரு பெண், "யாருக்காவது உடம்பு மோசமா?" என்று பதறி எழுந்தாள். "இல்லீங்க, சும்மா" என்றாள் இவள். சும்மா என்று ஒரு காரியத்தைச் செய்து பல காலம் ஆகியிருந்தது.

வீட்டில் சொன்னபோது மகள் கைதட்டினாள். அவர், "உனக்கு என்ன நோய்? உனக்கு எதுக்கு?" என்றார்.

"நோய் வந்தாத்தான் நடக்கணுமா?"

"சமையல் லேட்டாகுதே."

"ஆவட்டும்."

அதன் பிறகு காலையில் அவரையும் இழுத்துக்கொண்டு போனாள். அது ஓடுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. அவர் பேசிக்கொண்டே நடப்பார். பேச்சு சுவாரசியமானதும் நின்றுவிடுவார். நின்றால் பெஞ்சைப் பார்ப்பார். "ஒரு நிமிஷம், ஷூ நாடா" என்பார். நாடா இல்லாத ஷூவை வாங்கிக் கொடுத்தாள். "ஒரு நிமிஷம், மழை வருமான்னு பாக்கறேன்" என்று அண்ணாந்து நின்றார். அவர் கூடவே நடந்தால் அவளுக்கு இரத்தம் கொதித்தது. முன்னால் போனால் அவர் உட்கார்ந்துவிடுவார். வாழைப்பழச் சோம்பேறி என்று கேள்விப்பட்டிருக்கிறாள். உரித்து வாயில் ஊட்டினாலும் மெல்லுவதற்கு ஆள் கேட்கிற சோம்பேறியை அவள்தான் கட்டிக்கொண்டிருந்தாள்.

மழைக்காலம் தொடங்கியது. கதவு வேலையில் நின்று நின்று அவருக்குக் கொஞ்சம் உடம்பு வற்றியிருந்தது. ஒருநாள் நடையின் நடுவில், யாரும் கேட்காமல் சொன்னார்: "அன்னைக்கு விரல் பட்டுச்சு. பின்பக்கத் தகரத்துல. இன்னும் ரெண்டு எட்டு வச்சிருந்தா பிடிச்சிருப்பேன்."

"பிடிச்சு என்ன பண்ணியிருப்பீங்க? இழுத்து நிறுத்தியிருப்பீங்களா?"

"அதில்ல" என்றார். "என் வண்டி. நான் உக்காந்துட்டேன். நீ ஓடற." அன்று அவர் நாடாவையும் மழையையும் பார்க்கவில்லை.

அப்படியே திருந்திவிட்டார் என்று நினைத்தால் தப்பு. மறுநாளே முட்டி வலி என்று படுத்துவிட்டார். அவள் போர்வையை உருவினாள். "நாய் வாலைக்கூட நிமித்திடலாம்!" என்று கத்தினாள். மகள் தலையணையால் காதை மூடிக்கொண்டாள்.

மருத்துவச் சோதனை நாள் வந்தது. அவர் காலையிலேயே கிளம்பிப் போனார். அவளும் வருகிறேன் என்றதற்கு, "நீ வந்து நின்னா பதட்டமாயிடும்" என்றார். அன்று முழுக்க அவள் மடித்த விரிப்புகள் கோணலாக வந்தன. நீளக்கை பிரித்துத் திரும்ப மடித்தாள். அவர் போனை எடுக்கவில்லை. நல்ல செய்தி என்றால் அந்த மனிதர் இந்நேரம் ஊருக்கே போன் போட்டிருப்பார் என்று அவளுக்குத் தெரியும். பெயிலாகிவிட்டு எங்கேயோ பெஞ்சில் உட்கார்ந்து, டாக்டர் மேல், மழை மேல், ஷூ மேல் பழி போடுவதற்குக் கதை கட்டிக்கொண்டிருப்பார். வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. ஷூவை மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனாள்.

மழை பெய்து ஓய்ந்திருந்தது. மண் மெத்தென்று இருந்தது. ஆத்திரத்தில் வழக்கத்தைவிட வேகமாக ஓடினாள். தொட்டியைச் சுற்றி வரும்போது மைதானத்தின் வாசலில் அவர் நிற்பதைப் பார்த்தாள். சோதனைக்குப் போட்டுப்போன நல்ல சட்டை. இருட்டுவதற்குள் அவளைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதைப் போலக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே நடந்து வந்தார். வீட்டிலும் சலவைப் பிரிவிலும் தேடிவிட்டு வந்திருக்க வேண்டும்.

அவள் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. தொட்டிக்கு மறுபக்கம் போய்விட்டாள்.

அவர் பார்த்துவிட்டார். "ஏய், இங்க!" என்று கையைத் தூக்கினார். "நில்லு!"

"என்னாச்சு?" என்று அவள் ஓடிக்கொண்டே கேட்டாள்.

"நில்லு, சொல்றேன்."

"நடந்துகிட்டே சொல்லுங்க!"

"இங்க வா, உக்காந்து பேசலாம்!"

உக்காந்து என்ற சொல் காதில் விழுந்ததும் அவள் கால் இன்னும் வேகம் பிடித்தது. அவர் பின்னால் வந்தார். முதலில் நடந்தார். அவள் தூரம் கூட்டினாள். அவர் எட்டி நடந்தார். அவள் ஒரு சுற்று முடித்துத் திரும்பிப் பார்த்தபோது அவர் ஓடிக்கொண்டிருந்தார். அது ஓட்டமா என்று கேட்டால் சொல்ல முடியாது. வயிறு ஒரு பக்கமும் தோள் ஒரு பக்கமும் போனது. ஆனால் இரண்டு பெஞ்சுகள் வழியில் வந்தன, இரண்டையும் தாண்டினார்.

"என்ன சொன்னாங்க?" என்றாள், பின்பக்கமாக ஓடிக்கொண்டே.

"மூச்சு... வாங்குது... எப்படிச் சொல்றது?"

"வந்தப்புறம் சொல்லுங்க!"

"அடிப் பாவி!" என்றார். ரொட்டி தின்றுகொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் இடுப்பில் கை வைத்துக் குனிந்தார். உட்காரப் போகிறார் என்று நினைத்தாள். அவர் நிமிர்ந்து, மைதானம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்:

"பாஸ் பண்ணல! டாக்டர் மேல தப்பில்ல! இன்னும் மூணு மாசம் கதவுதான்!"

அவள் கால் நின்றுவிட்டது.

கதை இல்லை, காரணம் இல்லை. மழையும் இல்லை, நாடாவும் இல்லை. மூச்சு வாங்க, சட்டையில் சேறு தெறிக்க, தெரியாத சனங்கள் நடுவில் நின்று அந்த மனிதர் அதைச் சொல்லிவிட்டார். அவளுக்கு அழுகை வரும் போல இருந்தது. கூடவே, இன்னும் மூன்று மாதம் விடிகாலையில் இந்த ஆளை எழுப்ப வேண்டுமே என்று நினைத்ததும் கையாலாகாத எரிச்சலும் வந்தது. இரண்டில் எது முதலில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

அவர் மெல்ல நடந்து அவள் அருகில் வந்தார். வேர்வை மூக்கு நுனியில் தொங்கியது.

"படி ஏறி இறங்கினேன். போன தடவைக்கு இப்ப தேவலைன்னான். ஆனா பத்தாதாம்."

"பத்தாதுதான்" என்றாள்.

"பசிக்குது. வீட்டுக்குப் போலாமா?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தொட்டியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"இன்னும் ஒரு சுத்து" என்றாள்.

"ஐயோ, உனக்கு ஈவிரக்கமே கிடையாதா?"

"கிடையாது" என்று சொல்லிவிட்டு அவள் நடக்கத் தொடங்கினாள். அவர் வாய்க்குள் திட்டிக்கொண்டே பின்னால் வந்தார்.